விடுதலும் வீடும்

(தொழிலாளர் நாள் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஒருவன் பத்தாண்டு, பதினைந்தாண்டு ஒரே இடத்தில் உழைக்கின்றான். கூலி குறைவு, பொறுக்கின்றான். வேலை மிகுதி, பொறுக்கின்றான். விடுப்பு மறுக்கப்படுகின்றது, அதனையும் பொறுக்கின்றான். ஒரு நாள் ஒரு சொல் காதில் விழுகின்றது. அல்லது ஒரு கட்டளை வருகின்றது. கையிலிருந்த கருவியைக் கீழே வைக்கின்றான், எழுகின்றான், நடக்கின்றான். நாளை உலைக்கு அரிசி உண்டா என்று அந்நொடியில் அவன் எண்ணுவதில்லை. ஊரார் இருவகையாகப் பேசுவர். 'மானமுள்ளவன்' என்பர் சிலர். 'முன்பின் எண்ணாத முரடன்' என்பர் பலர்.

இவ்விரண்டில் எது மெய்? பத்தாண்டுப் பொறுமையை ஒரு நொடியில் முறிப்பது எது? எழுந்து நடந்தவனுக்குப் பின்னர் என்ன நேர்கின்றது? இம் மூன்று வினாக்களுமே இவ்வுரையின் பொருள்.

முதற்கண் சொற்களைப் பார்த்தல் நன்று. தமிழில் 'பணி' என்பது தொழிலையும் குறிக்கும், தலைதாழ்தலையும் குறிக்கும். பிறரிடம் வேலைக்குச் செல்பவன் ஓரளவு தலைதாழ்த்தியே ஆதல் வேண்டும் என்னும் உலகியல், அவ்வொரு சொல்லுள்ளேயே அடங்கிக் கிடக்கின்றது. ஆனால், தலைதாழ்தலுக்கும் ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லையைக் கடக்குமாறு ஒருவனை நெருக்கும்பொழுது இன்னொரு சொல் எழுகின்றது. அதுதான் 'விடு' என்பது. விடுதல், விடுப்பு, விடை, விடுதலை, வீடு ஆகிய அனைத்தும் அவ்வோர் அடியினின்று கிளைத்தவை. வேலையை விடுதலும் விடுதலையும் ஒரு வேரில் பிறந்தவை என்பதை மனத்திற் கொள்க. 'வீடு' என்பதனையும் மறவற்க. இவ்வுரையின் முடிவில் அச்சொல் மீண்டும் வரும்.

விட இயன்றோர் மூவர்

தாமே விரும்பி ஏற்ற வாழ்வூதியத்தை ஒரு நொடியில் உதறியவர் மூவரை முதலிற் காண்போர்க்கு, அந்நொடியின் இயல்பு விளங்கும்.

முதலாமவர் கழகக்காலப் பெருஞ்சித்திரனார். அக்காலத்துப் புலவர்க்குப் பரிசிலே வாழ்வு. வறுமை வாட்டிய குடும்பத்தை ஊரில் விட்டு, மலை பல கடந்து, அவர் அதியமான் நெடுமான் அஞ்சியின் வாயிலை அடைந்தார். அதியமானோ, புலவரை நேரிற் காணாமலே பரிசிலை வெளியே கொடுத்தனுப்பினான். பொருள் வந்தது, முகம் வரவில்லை. புலவர் அப்பொருளைத் தொடவில்லை. தம் தகுதியை அறியாது வீசப்படும் பெருஞ்செல்வத்தினும், அறிந்து அளிக்கும் தினையளவே இனிது என்று கூறி விலகினார். புறநானூற்றின் 208ஆம் பாட்டு அந்நிகழ்ச்சியைக் காட்டுகின்றது.

இரண்டாமவர் சீன நாட்டுப் பாவலர் தாவோ யுவான்மிங். கி.பி. 405-இல் பெங்சே என்னும் சிற்றூர்ப் பகுதிக்கு ஆட்சி அலுவலராக இருந்தார். மேலிடத்து ஆய்வாளர் ஒருவர் வருகின்றார், இடைக்கச்சை கட்டி முறைப்படி சென்று வணங்கி வரவேற்றல் வேண்டும் என்று உதவியாளர் அறிவுறுத்தினர். நாட்கூலிக்கு நிகரான சிறிதளவு அரிசிக்காக அத்தகைய ஒருவன்முன் முதுகை வளைப்பதா என்று எண்ணினார். அன்றே அலுவல் முத்திரையைத் திருப்பித் தந்தார். அவர் அப்பணியில் இருந்தது 80 நாட்களுக்குச் சற்று மேற்பட்ட காலமே. எஞ்சிய வாழ்நாளை ஏர் பிடித்தே கழித்தார். வறுமை அவரை விடவில்லை. அவரும் அலுவலுக்குத் திரும்பவில்லை.

மூன்றாமவர் அமெரிக்க நாட்டு என்றி தோரோ. 1837-இல் கல்லூரிப் படிப்பு முடித்துத் தம் சொந்த ஊராகிய கான்கார்டில் பள்ளி ஆசிரியராய் அமர்ந்தார். ஆண்டுக்கு 500 தாலர் ஊதியம். வணிகம் நொடித்து நாடெங்கும் வேலையில்லாத் திண்டாட்டம் நிலவிய ஆண்டு அது. பணியேற்று இரண்டு கிழமைகள் ஆயின. பள்ளிக் குழுவினர் ஒருவர் வந்து, மாணவரைப் பிரம்பால் அடித்தல் வேண்டும், இன்றேல் பள்ளி கெடும் என்று வற்புறுத்தினார். தோரோ அன்று மாணவர் சிலரை அழைத்து அடித்தார். கட்டளை நிறைவேறியது. அன்று மாலையே வேலையை விட்டார். அடுத்த ஆண்டு தாமே ஒரு பள்ளி நடத்தினார். தமையனாரும் உடன் சேர்ந்து கற்பித்தார். அப்பள்ளியில் பிரம்பு இல்லை.

இம் மூவரிடத்தும் பொதுவாய் நிற்பது யாது? ஒருவரும் ஊதியம் போதவில்லை என்று விலகவில்லை. பெருஞ்சித்திரனார்க்குப் பொருள் கிடைத்தது. தாவோவுக்கு அரிசி கிடைத்தது. தோரோவுக்குக் கிடைத்ததோ அவ்வூரில் பலரும் விரும்பிய ஊதியம். ஆனால், ஊதியத்தோடு கூடவே, எதன்பொருட்டு அவர் அத்தொழிலை மேற்கொண்டாரோ அதனையே அழிக்கும் ஒன்றும் வந்தது. புலவர்க்குத் தகுதி அறியப்படாமை. ஆள்வோனுக்கு ஆளத்தகாதவன்முன் வளைதல். ஆசிரியனுக்குக் குழந்தையை அடித்தல். அந்நொடியில் வேலை அவர்களை முன்னரே விட்டுவிட்டது. அவர்கள் அதனைப் பின்னர் விட்டனர். ஆகவே அது சினத்தின் நொடி அன்று, தெளிவின் நொடி.

இம் மூவர்க்கும் இன்னொரு பொதுமை உண்டு. புலவர்க்குக் குமணனைப் போன்ற வேறு புரவலர் இருந்தனர். தாவோவுக்கு உழுதற்கு நிலம் இருந்தது. தோரோவுக்குப் பெற்றோர் இல்லம் இருந்தது. விட்டு வந்தால் கால் வைக்க ஓர் இடம் அவர்கட்கு உண்டு. அவர்களைச் சிறையில் அடைக்க எச்சட்டமும் இல்லை. ஆனால், விட்டால் சிறை என்னும் நிலையில் இருந்தவர் செய்தி வேறு. அச்செய்தி தமிழரின் சொந்தச் செய்தி.

விட்டால் குற்றம்

1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் சென்னையிலிருந்து சென்ற 'துரூரோ' என்னும் கப்பல் தென்னாப்பிரிக்காவின் தர்பன் துறையை அடைந்தது. நேட்டால் பகுதியின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்ற முதற் கப்பல் அதுவே. அவ்வாண்டு தொடங்கி 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் அவ்வாறு நேட்டாலுக்குச் சென்றனர். அவருள் பெரும்பகுதியினர் சென்னைத் துறை வழியே சென்ற தமிழரும் தெலுங்கருமே.

ஒப்பந்தம் ஐந்தாண்டுக்கு. முதலாண்டில் கூலி திங்களுக்கு 10 சில்லிங்கு. 'அக்கிரிமெண்டு' என்னும் ஆங்கிலச் சொல்லைத் தொழிலாளர் 'கிர்மிட்டு' என்று மருவி வழங்கினர். சொல் மருவியது, பிடி தளரவில்லை. வீட்டு வேலைக்காரன் முன்னறிவிப்பின்றி விலகினால் அவன்மீது உரிமை வழக்கே தொடுக்கலாம். ஒப்பந்தக் கூலி விலகினாலோ, அது குற்றவழக்கு; சிறைத்தண்டனை. எசமானின் எழுத்திசைவு இன்றித் தோட்டத்தைவிட்டு வெளியேறுவதே குற்றம்.

'கூலி' என்பது தமிழில் உழைப்பின் பயனைக் குறிக்கும் சொல். வள்ளுவரும் அப்பொருளிலேயே அதனை ஆண்டார். நேட்டாலில் அச்சொல் உழைப்பின் பயனைக் குறிக்கவில்லை. உழைத்த ஆளையே குறித்தது. வணிகனாயினும் வழக்கறிஞனாயினும், இந்தியன் என்றாலே அங்கு 'கூலி'தான். பெயர் போய், ஊர் போய், ஒரு தமிழ்ச் சொல்லே தமிழன்மீது வசையாய் எறியப்பட்டது.

இத்தகைய நாட்டில் ஒருவன் வேலையை விட்டு எழுந்து நடந்தால் எங்கே போவான்?

தலைக்கட்டைக் கையில் ஏந்தி வந்தவர்

1894-இல் காந்தியடிகள் தர்பனில் வழக்கறிஞர் தொழில் தொடங்கிச் சில திங்களே ஆகியிருந்தன. கிழிந்த ஆடையும் உடைந்த இரு முன்பற்களும் குருதி ஒழுகும் வாயுமாய்த் தமிழர் ஒருவர் அவர்முன் நடுங்கி நின்றார். அவர் பெயர் பாலசுந்தரம். எசமான் அடித்த அடியில் பல் உடைந்தது. அடித்த கைக்கே மறுபடியும் உழைக்க மனம் ஒப்பவில்லை. எழுந்து நடந்து வந்துவிட்டார். காந்தியடிகளின் எழுத்தர் தமிழர் ஆதலால், அவர் வாயிலாகச் செய்தி விளங்கிற்று.

பாலசுந்தரத்தின் தலைக்கட்டு அவர் தலையில் இல்லை, கையில் இருந்தது. வெள்ளையரைக் காணச் செல்லும் ஒப்பந்தக் கூலி தலைக்கட்டை அவிழ்த்துக் கையில் ஏந்துதல் வேண்டும் என்பது அங்கு வழக்கம். தம் இனத்தானாகிய ஒருவர்முன்னும் அவ்வாறே நிற்றல் வேண்டும் என்று அவர் எண்ணினார். மடல் எழுதி அறிவிக்கத் தேவையில்லாத அடிமைத்தனம் அது. கைகளுக்கே பழகிப்போன அடிமைத்தனம். காந்தியடிகள் முதற்கண் அத் தலைக்கட்டைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். தயங்கித் தயங்கிக் கட்டிக்கொண்ட அவர் முகத்தில் மகிழ்ச்சி தோன்றிற்று. முந்திய ஆண்டு இதே தர்பன் வழக்குமன்றத்தில், தலைப்பாகையை எடு என்று நடுவர் பணித்தபொழுது, எடுக்க மறுத்து மன்றத்தைவிட்டு வெளியேறியவர் காந்தியடிகள். அதனால் அத்துணியின் பெருமை அவர்க்குத் தெரிந்திருந்தது.

இனி அவர் செய்ததைக் கருதுக. மருத்துவரிடம் காயத்துக்குச் சான்று பெற்றார். நடுவரிடம் எடுத்துச் சென்றார். அடித்தவனைச் சிறைப்படுத்துவது அவர் நோக்கமன்று; பாலசுந்தரத்தை அவ்வெசமானிடமிருந்து விடுவிப்பதே நோக்கம். அதற்கு இரண்டே வழிகள். ஒப்பந்தக் கூலிகளின் காப்பாளர் ஒப்பந்தத்தை நீக்குதல் வேண்டும், அல்லது வேறொருவர் பெயர்க்கு மாற்றுதல் வேண்டும். இல்லையேல் எசமானே இசைந்து விடுதல் வேண்டும். முடிவில் எசமான் இசைந்தான். ஏற்றுக்கொள்ள வேறொருவரைக் காந்தியடிகளே தேடிக் கண்டார். பாலசுந்தரம் அடித்தவனிடமிருந்து விடுபட்டார், ஒப்பந்தத்திலிருந்து விடுபடவில்லை. ஓர் எசமான் மாறி இன்னோர் எசமான் வந்தான், அவ்வளவே. ஆயினும் அச்செய்தி நேட்டாலின் கூலிக் குடியிருப்புகள் எங்கும் பரவிற்று. எழுந்து நடந்த ஒருவனுக்குக் கதவு திறந்தது என்பதே அச்செய்தி.

12 பவுண்டு வரியும் 14 சில்லிங்குக் கூலியும்

ஐந்தாண்டு முடிந்தால் ஒப்பந்தக் கூலி உரிமையோடு வாழலாமே என்று கேட்கத் தோன்றும். அவ்வாயிலையும் அடைத்தனர். ஒப்பந்தம் முடிந்தவன் மீண்டும் கூலியாய்க் கையெழுத்திடுதல் வேண்டும். அல்லது தாய்நாடு திரும்புதல் வேண்டும். இரண்டும் மாட்டாதவன் ஆண்டுதோறும் 3 பவுண்டு வரி கட்டுதல் வேண்டும். மனைவிக்கும் அவ்வரி உண்டு. 16 அகவை கடந்த மகனுக்கும் 13 அகவை கடந்த மகளுக்கும் பின்னர் அவ்வரி விதிக்கப்பட்டது.

கணக்கிட்டுப் பாருங்கள். கணவன், மனைவி, பிள்ளைகள் இருவர் என நால்வர் உள்ள குடும்பத்துக்கு ஆண்டு வரி 12 பவுண்டு. அஃதாவது 240 சில்லிங்கு. அக்குடும்பத் தலைவனின் வருவாய் திங்களுக்கு 14 சில்லிங்குக்கு மேற்படாது. ஆண்டுக்கு 168 சில்லிங்கு. உண்ணாது, உடுக்காது, முழு வருவாயையும் கொடுத்தாலும் வரிக்குப் போதாது. வரி என்னும் பெயரால் இடப்பட்ட விலங்கு அது. வரி கட்ட மாட்டாதவன் மறுபடியும் கையெழுத்திடுவான் என்பதே அதனுள் இருந்த சூழ்ச்சி.

1912-இல் கோகலே தென்னாப்பிரிக்கா சென்றார். வரி நீக்கப்படும் என்னும் உறுதியைப் பெற்றதாகவே அவர் கருதித் திரும்பினார். அரசு அவ்வுறுதியைக் காக்கவில்லை. 1913 மார்ச்சில் நடுவர் சியர்லின் தீர்ப்பு வந்தது. கிறித்தவ முறைப்படி நிகழாதனவும் பதிவு செய்யப்படாதனவுமாகிய திருமணங்கள் அந்நாட்டுச் சட்டத்தின்முன் செல்லா என்பது அத்தீர்ப்பின் விளைவு. தாலி கட்டி வாழ்ந்த தாய்மார் ஒரே நாளில் மனைவியர் அல்லர் ஆயினர். பிள்ளைகள் முறைப்பிள்ளைகள் அல்லர் ஆயினர்.

பொறுமையின் எல்லை அங்கே முடிந்தது.

சுரங்கம் நின்ற நாள்

1913 அக்டோபரில் திரான்சுவால் பகுதியிலிருந்து பெண்கள் 11 பேர் புறப்பட்டனர். பெரும்பாலார் தமிழ்ப் பெண்கள். சிலர் கைக்குழந்தையுடன் சென்றனர். இசைவுச்சீட்டு இன்றி நேட்டால் எல்லையைக் கடந்தனர். நியூகாசில் என்னும் ஊரின் நிலக்கரிச் சுரங்கங்களை அடைந்தனர். தம்பி நாயுடு முதலிய தலைவரும் அங்குத் தொழிலாளரிடம் பேசினர். பெண்கள் சுரங்கத் தொழிலாளரின் குடியிருப்புகளுக்குச் சென்று, 3 பவுண்டு வரி என்பது என்ன, அது யாருடைய பிள்ளைகளை விலங்கிடுகின்றது என்று எடுத்துரைத்தனர். தாய்மொழியில், தம் வீட்டுப் பெண்களைப் போன்ற பெண்கள் வந்து சொன்ன சொல் அது. தொழிலாளர் கருவிகளைக் கீழே வைத்தனர்.

சட்டப்படி அது குற்றம் என்பதை அவர்கள் அறியாதவர் அல்லர். ஆண்டுக்கணக்காய் அறிந்தவர். அறிந்தே வைத்தனர்.

பெண்கள் அக்டோபர் 21ஆம் நாள் தளைப்படுத்தப்பட்டனர். மூன்று திங்கள் கடுங்காவல். அத்தீர்ப்பு நெருப்பில் நெய் வார்த்தது. சுரங்கம் சுரங்கமாய் வேலை நின்றது. சுரங்க முதலாளிகள் குடியிருப்புகளுக்கு விளக்கையும் நீரையும் நிறுத்தினர். ஊதியத்தை உயர்த்துக என்று அத்தொழிலாளர் கேட்டதில்லை என்பதைக் கருதுதல் வேண்டும். அவர்கள் எழுந்தது அரசின் வரியை எதிர்த்து. தாமும் தம் மக்களும் என்றும் கூலியாய் இருத்தல் இயலாது என்று கூறுவதற்காக.

முதலாளி தந்த குடிசையில் இருந்துகொண்டு முதலாளியின் வேலையை மறுத்தல் நெடுநாள் இயலாது. எனவே, உடுத்த துணியும் ஒரு கம்பளியும் மட்டும் கொண்டு வெளியேறுக என்று காந்தியடிகள் அறிவுறுத்தினார். பெண்டிர் பிள்ளைகளுடன் அவர்கள் வெளியேறினர். எங்கே போவது?

நியூகாசிலில் இலாசரசு என்னும் தமிழ்க் கிறித்தவர் ஒருவர் வாழ்ந்தார். செல்வர் அல்லர். சிறு மனையும் இரண்டு மூன்று அறைகள் கொண்ட வீடுமே அவர் உடைமை. காந்தியடிகள் அவ்வீட்டிலேயே தங்கினார். தம் பிழைப்புக்கு என்ன நேரும் என்று எண்ணாமல் அக்குடும்பத்தினர் கதவைத் திறந்து வைத்தனர். வந்தோர் தொகை நாளுக்கு நாள் பெருகிற்று. வீட்டைச் சூழ்ந்த வெளியில், வானத்தின்கீழ் மக்கள் படுத்தனர். ஊர் வணிகர் அரிசியும் பருப்பும் ஏனங்களும் தந்தனர். சுரங்க முதலாளிகளின் சினத்துக்கு அஞ்சாது அவ்வளவு பேரையும் ஏற்றவர் அவ்வெளிய தமிழர்.

அங்கிருந்து 36 கல் தொலைவிலுள்ள சார்லசுடவுனுக்கு இரண்டு நாட்கள் நடந்தனர். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒன்றரைப் பவுண்டு உரொட்டியும் ஓர் அவுன்சு சருக்கரையுமே உணவு. பிறர் பொருளைத் தொடற்க, அடித்தால் பொறுத்துக்கொள்க, தளைப்படுத்தினால் உடன்படுக என்பன அவர்கட்கு இடப்பட்ட கட்டளைகள். வழியில் கைக்குழந்தைகள் இரண்டு உயிர் நீத்தன. ஒன்று குளிராலும் வெயிலாலும் வாடி இறந்தது. மற்றொன்று ஓடையைக் கடக்கையில் தாயின் கையினின்று நழுவி நீரில் வீழ்ந்தது. தாயர் அழுதனர், ஆனால் திரும்பவில்லை.

நவம்பர் 6ஆம் நாள் 2,037 ஆடவரும் 127 பெண்டிரும் 57 சிறாரும் சார்லசுடவுனிலிருந்து திரான்சுவால் எல்லையைக் கடந்தனர். வேலையை விட்டு எழுந்து நடந்த செயல் ஒரு பேரணியாகவே உருவெடுத்த நாள் அது.

சுரங்கமே சிறையானது

நான்கு நாட்களில் அனைவரையும் தொடர்வண்டிகளில் ஏற்றி நேட்டாலுக்கே திருப்பி அனுப்பினர். அத்தனை பேரை அடைக்கச் சிறைகள் போதவில்லை. அரசு அதற்கு ஒரு வழி கண்டது. சுரங்க வளாகங்களையே தண்டீ, நியூகாசில் சிறைகளின் கிளைகள் என்று அறிவித்தது. சுரங்கத்து வெள்ளைக் கண்காணிகளையே சிறைக்காவலர் ஆக்கியது. எந்தச் சுரங்கத்தை விட்டு நடந்தனரோ, அதே சுரங்கத்துள், அதே கண்காணியின் கீழ், இப்பொழுது கைதிகளாய் வெட்டுக என்று பணித்தது. மறுத்தவர் அடியும் உதையும் பட்டனர்.

அடக்குமுறையின் அறிவுக்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. அன்றுவரை, சுரங்கம் என்பது வேலை செய்யும் இடம், சிறை என்பது தண்டனை பெறும் இடம் என்று இரண்டாய்க் காட்டப்பட்டு வந்தது. இரண்டும் ஒன்றே என்பதை அரசே ஆணை பிறப்பித்து ஒப்புக்கொண்டது. விட்டுச் செல்ல உரிமை இல்லாத வேலையிடம் எதுவும் சிறையே. வேறுபாடு பெயர்ப்பலகையில் மட்டுமே.

செய்தி கரும்புத் தோட்டங்களை எட்டிற்று. தலைவர் எவரும் சென்று அழைக்காமலே ஆயிரக்கணக்கானோர் வெட்டரிவாளைக் கீழே வைத்தனர். சில இடங்களில் துப்பாக்கி சுட்டது, உயிர்கள் போயின. அந்நவம்பர்த் திங்களில் அரசப் பேராளராகிய ஆர்டிங்கு சென்னையில் பேசுகையில், தென்னாப்பிரிக்க இந்தியர்பால் வெளிப்படையாகவே பரிவு காட்டினார். தென்னாப்பிரிக்க அரசு உசாவற்குழு அமைத்தது. 1914-இல் இயற்றப்பட்ட சட்டத்தால் 3 பவுண்டு வரி நீங்கியது, திருமணங்கள் ஏற்கப்பட்டன. சிறையில் நோயுற்று வெளிவந்த தில்லையாடி வள்ளியம்மை அச்சட்டத்தைக் காணவில்லை. 1914 பிப்பிரவரி 22-இல் அவர் மறைந்தார். அகவை 16.

வரி ஒழிந்ததேயன்றி, ஒப்பந்தக் கூலி முறை அன்றே ஒழிந்துவிடவில்லை. இந்தியாவிலிருந்து கடல்கடந்த நாடுகளுக்கு அவ்வாறு ஆள் அனுப்புவது 1917-இல்தான் நிறுத்தப்பட்டது. ஆயினும், ஒழியும் என்று முதலில் காட்டியவர் கருவியைக் கீழே வைத்த அவ்வெளிய மக்களே.

கயிறு அறுபட்டதா?

பழைய கதை என்று இதனைத் தள்ளுதல் ஆகாது. கடல்கடந்த நாட்டில்தான் இக்கொடுமை என்று எண்ணுதலும் ஆகாது. இந்தியாவிலேயே, முன்பணம் பெற்ற தொழிலாளி வேலையை விட்டால் அவனை நடுவர் வேலைக்குத் திருப்பலாம், மீறினால் மூன்று திங்கள் வரை சிறையிடலாம் என்னும் சட்டம் 1859-இல் இயற்றப்பட்டது. அதனை நீக்கும் சட்டம் வந்தது 1925-இல். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 'துண்டு' என்று ஒன்று இருந்தது. தோட்டத்து மேலாளர் கடன் கணக்கை எழுதிக் கொடுக்கும் அத் துண்டுச் சீட்டு இல்லாத தமிழனை வேறு தோட்டத்தார் வேலைக்கு ஏற்பதில்லை. 1921-இல்தான் அது சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஒரு முழத் தாளே ஒருவனைக் கட்டும் கயிறாய் இருந்தது.

விடுதலை பெற்ற இந்தியாவிலும் கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-இல்தான் இயற்றப்பட்டது. அதன் பின்னரும் செங்கற் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் கல்லுடைக்கும் இடங்களிலும் முன்பணத்துக்காகக் கட்டுண்டு கிடந்த குடும்பங்களைத் தமிழகத்து வருவாய் அலுவலர் மீட்ட செய்திகள் வந்தவண்ணமே உள்ளன. வளைகுடா நாடுகளுக்குச் சென்ற தமிழர் பலரின் கடவுச்சீட்டை எசமானர் வாங்கி வைத்துக்கொண்டதும், அவர் இசைவின்றி வேறு வேலைக்கு மாற இயலாதிருந்ததும் அறியாதார் இலர். கத்தார் நாடு 2020-இல்தான் பழைய எசமானின் இசைவின்றி வேலை மாறலாம் என்று சட்டம் திருத்தியது.

இந்திய உச்சநயன்மன்றம் 1982-இல் ஒரு தீர்ப்பு வழங்கியது. தில்லியில் ஆசிய விளையாட்டுக்கான கட்டட வேலையில் ஈடுபட்ட தொழிலாளரைப் பற்றிய வழக்கு அது. ஒருவனைச் சங்கிலியால் கட்டினால் மட்டும் கட்டாய உழைப்பு ஆகாது. பசியும் வறுமையும் நெருக்க, வேறு வழியின்றிச் சட்டக் கூலியினும் குறைவாகப் பெற்று உழைப்பதும் கட்டாய உழைப்பே என்று அம் மன்றம் கூறியது. நேட்டால் சுரங்கத்தில் அன்று தெரிந்த உண்மை இது. கயிறு சட்டத்தாலும் ஆகும், கடனாலும் ஆகும், பசியாலும் ஆகும்.

ஆகையால், மானம் கெட்ட இடத்தில் இன்னும் அவன் ஏன் உழைக்கின்றான் என்று ஒருவனைப் பழிக்குமுன், அவன் காலைப் பாருங்கள். கயிறு இருக்கும். வீட்டில் மருந்துக்குக் காத்திருக்கும் தாயும் பள்ளிக் கட்டணத்துக்குக் காத்திருக்கும் மகளும் இருப்பர். எழுந்து நடவாதவன் எல்லாரும் மானமற்றவன் அல்லன். தன் மானத்தைப் பிள்ளைகளின் சோற்றுக்காக ஒவ்வொரு நாளும் விழுங்குகின்றவனும் அவருள் உண்டு. அவனை இகழ்தல் அறமன்று.

எவ்வாறு விடுதல் வேண்டும்?

விடுதற்கும் ஒரு முறை உண்டு. நேட்டால் தொழிலாளர் அதனைக் கற்றுத் தருகின்றனர்.

ஒன்று: எதற்காக விடுகின்றோம் என்பதைத் தெளிவாகச் சொல்லி விட்டனர். முதலாளியிடம் அல்ல, வரி விதித்த அரசிடமே தங்கள் வழக்கு என்பதை மறைக்கவில்லை.

இரண்டு: சுரங்கத்தை எரிக்கவில்லை, கருவியை உடைக்கவில்லை. வேலையை வெறுத்தவர் அல்லர் அவர். வேலை தந்த இழிவை வெறுத்தவர். உழைப்பாளி உழைப்பை இகழமாட்டான்.

மூன்று: இழப்பை ஏற்றனர். விளக்கும் நீரும் நின்றன, குடிசை போயிற்று, குழந்தையும் போயிற்று. இழப்பு வரும் என்று அறிந்தே விடுபவனே துணிந்தவன். வராது என்று எண்ணி விடுபவன் ஏமாந்தவன்.

நான்கு: சேர்ந்து விட்டனர். 1894-இல் தனியாய் எழுந்த பாலசுந்தரத்துக்குக் கிடைத்தது வேறோர் எசமான். 1913-இல் சேர்ந்து எழுந்தோர்க்கு ஒரு சட்டமே வீழ்ந்தது. தொழிற்சங்கம் என்பதன் தேவையை விளக்க இதனினும் பெரிய சான்று தேட வேண்டுவதில்லை.

தொடக்கத்தில் எழுந்த வினாக்களுக்கு இப்பொழுது விடை கூறலாம். எழுந்து நடந்தவன் முரடன் அல்லன். பத்தாண்டுப் பொறுமைதான் அவ்வொரு நொடியில் பேசுகின்றது. தான் செய்யும் தொழிலின் உயிரே பறிபோகும்பொழுது, அல்லது தன் பிள்ளைகளும் தன்னைப் போலவே கட்டுண்பர் என்பது தெளிவாகும்பொழுது, அது பேசுகின்றது. அத்துணிவு அவன் நெஞ்சில் பிறப்பது. ஆனால், அது நிலைப்பதும் அழிவதும் அவன் கையில் மட்டும் இல்லை. எழுந்து நடந்த இரண்டாம் நாள் அவனுக்கு எந்தக் கதவு திறக்கின்றது என்பதில் இருக்கின்றது.

வேலையை விட்டு வந்த உறவினனைக் கண்டவுடன், 'இருந்த பிழைப்பையும் கெடுத்துக்கொண்டாயே' என்று திண்ணையிலேயே நிறுத்திக் கேட்கின்ற வீடுகள் தமிழ்நாட்டில் மிகுதி. அச்சொல்லைக் கேட்டவன் மறுநாள் தலைகுனிந்து பழைய வாயிலுக்கே திரும்புவான். முன்னினும் தாழப் பணிவான். அவனை மீண்டும் கட்டிய கயிற்றின் ஒரு முனை எசமான் கையில் உண்டு. மறுமுனை அவ்வீட்டார் கையில் உண்டு.

நியூகாசிலில் இலாசரசு குடும்பத்தினர் அவ்வாறு கேட்கவில்லை. இரண்டு மூன்று அறைகளே உடைய வீட்டின் கதவைத் திறந்தனர். 'விடு' என்னும் அடியில் பிறந்த சொற்களுள் 'வீடு' என்பதும் ஒன்று என்று முன்னர்க் கூறப்பட்டது. விட்டு வந்தவனை ஏற்கும் இடமே வீடு. சங்கத்தில் சேருங்கள், மிச்சம் பிடித்துப் பொதுநிதி வையுங்கள், மானத்துக்காக வேலையை விட்டவன் குடும்பத்துக்கு அடுத்த வேலை கிடைக்கும் வரை ஒரு மூட்டை அரிசியாவது அந்நிதியிலிருந்து செல்லட்டும். பேச்சால் மானத்தைப் போற்றுவது எளிது. அரிசியால் போற்றுவதே அரிது, அதுவே தேவை.

வாழ்க உழைப்பு! வெல்க உழைப்போர் மானம்!